எலி வாங்கப்போன சத்துணவு லூசி

செஞ்சியில் சத்துணவு லூசியிடம் வாய் தவறியும் எலி என்று சொல்லிவிடாதீர்கள். அரை மணி நேரம் உங்களை விடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவள் அவள். இத்தனை வருஷத்தில் அவள் காவலில் இருக்கும் அரிசி மூட்டையில் ஒரு எலியும் வாய் வைத்ததில்லை. கதவிடுக்கில் தகரம் அடித்தது அவள்தான். ஜன்னலுக்கு வலை வரும்வரை தலைமையாசிரியரை நச்சரித்ததும் அவள்தான். ரொம்பத்தான் பீற்றிக்கொள்கிறாள் என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. பீற்றட்டுமே, செய்தவள்தானே பீற்றுகிறாள்.

அப்பேர்ப்பட்டவள் போன தை மாதம், பஸ் ஸ்டாண்டு பக்கம் மீன்தொட்டி விற்கிற ராஜாராம் கடையில் போய் நின்று, வளர்க்கிற மாதிரி எலி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

எல்லாம் அவள் புருஷன் காஸ்பருக்காக. காஸ்பர் நெல் ஏலம் விடுகிற கமிட்டியில் மூட்டை தூக்கியவர். மற்றவர்கள் லாரிப் பலகையில் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பார்கள், இவர் மூட்டையோடு ஓடியே ஏறுவார். ஒரு நாள் பலகை சறுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு போய்விட்டது. எலும்பு கூடிய பிறகு டாக்டர் கண்டித்துச் சொன்னார், தினமும் நடக்கவேண்டும், படுத்தே கிடந்தால் கால் சூம்பிவிடும் என்று. காஸ்பர் கேட்டால்தானே! ஓடி ஏறிய ஆளை நாலு பேர் கைத்தடியோடு பார்ப்பதா என்று கட்டிலே கதியாகக் கிடந்தார். லூசி கெஞ்சினாள், திட்டினாள், பங்குச் சாமியாரையே வீட்டுக்கு அழைத்துவந்து சொல்லவைத்தாள். மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தக் கால்கள் நாளுக்கு நாள் மெலிவதைப் பார்க்கப் பார்க்க, இனி எழுந்திருக்கவே மாட்டாரோ என்று அவள் பயந்தாள்.

நைனாவுக்குத் துணையாக ஏதாவது வளர்க்கலாமே என்று போனில் சொன்னவள், புதுச்சேரியில் நர்ஸாக இருக்கும் மகள் ஜெனிபர். நாய் சரிப்படாது, மலைக்குரங்குகள் தெருவில் இறங்கினால் நாளெல்லாம் குரைக்கும். பூனை வீடு தங்காது. கூண்டில் அடங்கும் சின்ன உயிராகப் பார் என்றாள் மகள்.

ராஜாராம் முதலில் வெள்ளைச் சுண்டெலியைக் காட்டினார். கூண்டுக்கு அருகே குனிந்த லூசி, வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அடுத்து ஹாம்ஸ்டர், உள்ளங்கையில் அடங்குகிற பஞ்சு உருண்டை. இதைத்தான் எல்லாரும் விரும்பி வாங்குகிறார்கள், ஒரு பிடி தானியம் போட்டால் போதும், பகல் முழுக்கத் தூங்கும், சத்தமே வராது என்று புகழ்ந்தார்.

"பகல்ல தூங்கறதுக்கு எங்க ஊட்ல ஏற்கெனவே ஒரு ஆளு இருக்குது," என்றாள் லூசி.

மூலையில் கினிபிக் என்கிற எலி வகை இரண்டு இருந்தன. வாலே இல்லை, பூனைக்குட்டி பருமன். அது வேண்டாம்மா என்று ராஜாராம் கையை ஆட்டினார். ஒன்றை மட்டும் வளர்த்தால் ஏங்கிப்போகும், ஜோடியாகத்தான் வாங்கவேண்டும். தினமும் பச்சைப்புல் தேட வேண்டும். புல் வரத் தாமதமானால் விசில் ஊதுகிற மாதிரி கத்தித் தீர்த்துவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை.

லூசி அந்தக் கூண்டையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு அந்த ஜோடியையே கொடுக்கச் சொன்னாள்.

கூண்டைக் காஸ்பரின் தலைமாட்டில் வைத்தாள். காய்ந்த புல்லும் தண்ணீரும் தாராளமாக வைத்தாள். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போடுகிற கை எந்த உயிரையும் பட்டினி போடாது. பச்சைப்புல் மட்டும் வைக்காமல் வேலைக்குப் போனாள். சாயங்காலம் திரும்பியதும் காஸ்பர் எரிந்து விழுந்தார், இரண்டும் கத்திக் கத்திக் காதைக் கிழித்துவிட்டனவாம். எனக்கு ஸ்கூல் வேலைக்கே நேரம் போதவில்லை, புல்லுக்கு எங்கே போவது என்று அவள் அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பாள். ஆனாலும் உள்ளுக்குள் பதைப்புதான். இதுவும் பலிக்காவிட்டால் அவளுக்கு வேறு வழி தெரியாது.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது கட்டில் காலியாகக் கிடந்தது. சுவரில் சாத்தியிருந்த தடியையும் காணோம். வாசலுக்கு ஓடினாள்.

ஏரிக்கரைப் பக்கமிருந்து காஸ்பர் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் தடி. மூட்டை ஏறிய அதே தோளில், துண்டில் கட்டிய அறுகம்புல். ராஜகிரி மலைக்கோட்டை ஏறி இறங்கியவர்போல அவருக்கு மூச்சு வாங்கியது. தெருவே வேடிக்கை பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று தலை நிமிர்ந்தே வந்தார். என் புருஷன் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லவேண்டும் போல லூசிக்கு இருந்தது.

புல்லை இறக்கிவிட்டு அவர் அவளை உற்றுப் பார்த்தார்.

"ஊரு எலியெல்லாம் வெரட்டுனவ நீ. கடைசில எலிய வுட்டு என்னையே வெரட்டிட்ட இல்ல?"

லூசி புல் கட்டிய துண்டை அவிழ்த்தாள்.

"நாளைக்கும் புல்லு வேணும்," என்றாள்.

காஸ்பர் தடியைக் கட்டிலருகே கொண்டுபோகவில்லை. வாசற்கதவு ஓரமாகவே சாத்தி வைத்தார்.