கறை படாத போர்வை

"இன்னும் எத்தனை பக்கம் பாக்கி, எதெல்காக்கா?"

"ரெண்டே ரெண்டு. நீங்க இறங்கி ஒரு சிகரெட் பிடிச்சிட்டே வந்துடலாம்."

கேள்வி பேருந்தின் கடைசி இருக்கையிலிருந்து வருகிறது. பதில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து. செந்தெஷ் பேருந்து நிலையத்தில் வண்டியை நிறுத்தியதும் எதெல்கா மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொள்வாள். ஊசி குத்தாமலிருக்க நடுவிரலில் அங்குஸ்தானை மாட்டுவாள். மடியில் பிஸ்கட் டப்பா திறக்கும். உள்ளே அறுகோணமாக வெட்டிய காகிதங்கள், அவற்றின்மேல் மடித்துப் பிடித்த வண்ணத் துணிகள். பக்கத்தோடு பக்கம் வைத்துத் தைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். அறுகோணத்தின் ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம், ஒரு நிறுத்தத்துக்கு ஆறு பக்கம். இத்தனைக்கும் வண்டி ஒரு நாளும் தாமதமாகக் கிளம்பியதில்லை. காகிதமெல்லாம் காலாவதியான கால அட்டவணைகள். தைத்து முடித்ததும் உருவி எடுத்துவிடுவாள்.

நல்ல கட்டம் போட்ட சட்டைக்காரர்கள் அவள் வண்டியில் கொஞ்சம் ஜாக்கிரதையாக ஏறுவது நல்லது. சீட்டைக் கிழிப்பதற்கு முன்னால் துணியைத்தான் பார்ப்பாள். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரிடம், "இந்தச் சட்டைய எப்ப தூக்கிப் போடப்போறீங்க, டாக்டர்?" என்று கேட்டாள்.

"நான் செத்தப்புறம்," என்றார் அவர்.

"அவ்வளவு நாள் தாங்காதே. முழங்கை இப்பவே தேஞ்சிருக்கு."

பாவம், மனிதர் சோங்க்ராட் போய்ச் சேரும்வரை முழங்கையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் அந்தச் சட்டை துவைத்து, தேய்த்து, பொட்டலமாக அவள் கைக்கு வந்தது. பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது, கழுத்து வலிக்கு அடுப்பில் சூடுபடுத்தி வைத்துக்கொள்ளும், கோதுமை நிரப்பிய பை. அவருடைய சட்டையிலேயே தைத்தது.

அவளிடமிருந்து ஏதாவது ஒன்று தைத்து வாங்காதவர் அந்த ஊரில் இருந்தால், அவர் நேற்றுத்தான் குடிவந்திருக்க வேண்டும். ரொட்டிக் கடைக்காரிக்குக் கை உறை, பணிமனை மெக்கானிக் கெர்கேலிக்குப் பாத்திரம் பிடிக்கும் துணி, நிலையத்தில் சீட்டு வழங்கும் பெண்ணின் நாய்க்கு மழைக்கோட்டு. ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்குச் சம்பளம் ஸ்டியரிங்கிலிருந்து. சந்தோஷம் முழுக்க ஊசியிலிருந்து. விலைக்குக் கேட்டால் மட்டும் கோபம் வரும். "விக்கிறதா இருந்தா அளந்து தைப்பேன். குடுக்கிறதாலதான் அள்ளித் தைக்கிறேன்" என்பாள்.

கொடுத்ததோடு அவள் விடமாட்டாள். அதைப் புழங்குகிறார்களா என்று வேவு பார்ப்பாள். கெர்கேலி ஒருநாள், துணியை அடுப்பில் தீய்த்துவிட்டேன் என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். எதெல்கா அந்தக் கருகலை முகர்ந்து பார்த்துச் சிரித்து, அவனுக்குப் புதிதாக இரண்டு தைத்துக் கொடுத்தாள். ரொட்டிக் கடைக்காரியோ கை உறையைச் சுவரில் ஆணியடித்து அழகுக்கு மாட்டியிருந்தாள். எதெல்கா நேரே உள்ளே போய்க் கழற்றி, அவள் கையில் மாட்டிவிட்டு, "அடுப்புக்குள்ள கைய விடு, பாக்கலாம்," என்று நின்றாள். வரிசையில் பதினோரு பேர்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மருமகள் லில்லா.

மகன் பாலிந்தின் கல்யாணத்துக்கு எதெல்கா தைத்த போர்வையில் இரண்டாயிரத்துச் சொச்சம் அறுகோணங்கள், வெள்ளையும் நீலச் சாயத் துணியுமாக. மூன்று குளிர்காலம் ஆனது. மூலைக்கு மூலை ஒரு நூல் பிசகாது. போதாததற்கு, கடைசி நாள் அவசரத்தில் ஓரத்துப் பட்டியைத் தைக்கும்போது தன் பாவாடையையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். கதவு தட்டிய தபால்காரருக்கு எழுந்து நின்றபோது போர்வையும் கூடவே வந்தது.

அந்தப் போர்வையை லில்லா மெல்லிய காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்தாள். நான்கு வருடமாக அது அங்கேயே இருந்தது. செகெத் நகரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எதெல்கா படுக்கையறையை எட்டிப் பார்ப்பாள். கட்டிலில் கடையில் வாங்கிய சாம்பல் நிறப் போர்வை கிடக்கும். அது அவளுக்கு வலித்தது. தன்னையும் அந்த வீட்டில் காகிதம் சுற்றித்தான் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை பண்பாட்டு மன்றத்தில் கூடித் தைக்கும் பெண்கள் விடுவார்களா? "உன் மருமக அத மியூசியத்துக்குக் குடுத்துட்டாளாமே?" என்றாள் ஒருத்தி, உப்பு பொகாச்சா பன்னை மென்றபடி.

"நான் செஞ்ச தப்புடி," என்றாள் எதெல்கா. "ஒரு மூலையாவது கோணலாத் தச்சிருந்தா பயமில்லாமப் போத்தியிருப்பா."

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செகெதில் மதிய விருந்து. காபி வந்த நேரத்தில் மாடி வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். உடனே லில்லா ஓடிப்போய்ப் போர்வையை எடுத்துவந்து, காகிதத்தைப் பிரித்து, சோபாவில் விரித்தாள்.

"கை கழுவிட்டுத் தொடுங்க!" என்றாள் வந்தவளிடம். பிறகு, முகமெல்லாம் பெருமையாக, "பாருங்க அத்தை, நாலு வருஷமாச்சு. ஒரு பொட்டுக் கறை கிடையாது!"

எதெல்கா போர்வையைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. காபிக் கோப்பையோடு எழுந்து நடுப்போர்வைக்கு நேராக வந்து நின்றாள். பனியிலும் மழையிலும் முப்பது வருடம் வண்டியைக் கோடு பிசகாமல் ஓட்டிய கை அது. அந்தக் கை, மிக நிதானமாக, கோப்பையைச் சாய்த்தது.

"அம்மா!" என்று பாலிந்த் கத்தினான்.

"அடடா, கை தவறிடுச்சு," என்றாள் எதெல்கா.

பழுப்புக் கறை ஆறேழு வெள்ளைத் துணிகளில் நிதானமாகப் பரவியது. மாடி வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். லில்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கறையைப் பார்த்தாள், பிறகு துளியும் நடுங்காத அந்தக் கையைப் பார்த்தாள்.

"வேணும்னேதானே ஊத்தினீங்க?"

"இனிமே அதுல பத்திரப்படுத்த என்னம்மா இருக்கு?" என்றாள் எதெல்கா மெதுவாக. "குளிருச்சுன்னா போத்திக்கோ."

லில்லா கறையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிரிப்பு பீறிட்டது. போர்வையை வாரித் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு சோபாவில் விழுந்தாள். எதெல்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். லில்லா மேசையிலிருந்த கறுப்புக் கசகசா கேக்கில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். கறுப்புத் துகள்கள் வெள்ளைத் துணியில் பொலபொலவென்று உதிர்ந்தன. அவற்றைத் தட்டிவிட எதெல்காவின் கை தானாக எழுந்தது. எழுந்த கையை இழுத்துத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.