இருக்கம் தீவில் கை நனைத்தது

படகில் மாமா இருந்தார். அத்தை இருந்தாள், மடியில் தன் தங்கைக்கு வாங்கிய சேலையோடு. படகுக்காரர் ஒருவர். மீன் விற்றுவிட்டுத் திரும்பும் பெண்கள் இரண்டு பேர். அப்புறம் நான். எனக்கு எட்டு வயது.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். நகரியில் விசைத்தறி ஓட்டினார். அந்த வருஷம் நூல் விலை ஏறிப்போய் முதலாளி தறியை நிறுத்திவிட்டார். மாமா அசரவில்லை. சூரத்தில் அத்தனை தறி ஓடுகிறது, எனக்கு ஒன்று கிடைக்காதா என்றார். ஊரைவிட்டுப் போகிறவர்கள் உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு போகவேண்டும். அதனால் அந்தக் கோடை முழுக்க அவரும் அத்தையும் வீடு வீடாகப் போனார்கள். கார்வேட்டிநகரம், சித்தூர், திருப்பதி, நாகலாபுரம். எனக்கு லீவு. கடைசி வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டார்கள்.

கடைசி வீடு அத்தையின் தங்கை வீடு. பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கம் தீவில் இருந்தது. ஆறு வருஷமாகப் பேச்சில்லை. தங்கை கல்யாணத்துக்கு யாரும் நேரில் வந்து அழைக்கவில்லை, பத்திரிகையை ஆள் மூலம் கொடுத்தனுப்பினார்கள். மாமா தெருவில் நின்று, "என் வூட்டு ஆளு ஒருத்தரும் அந்த வூட்ல கை நனைக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார். சொன்னதை மாமா திரும்ப எடுத்ததில்லை. சூரத்துக்குப் போய்விட்டால் அக்காவும் தங்கையும் இனி எப்போது பார்ப்பார்களோ. அத்தை தங்கைக்கு ஒரு சேலை வாங்கிவைத்தாள்.

சூளூர்பேட்டையில் பஸ் இறங்கியதும் மாமா நேராக அங்கே போகவில்லை. "நான் தீவு பாக்க வந்தேன்" என்றார். வடக்கே வேநாட்டுத் தீவுக்கு நடத்திக் கூட்டிப்போனார். அந்தப் பக்கம் தண்ணீர் வற்றிச் சேறாகக் கிடந்தது. தர்காவைப் பார்த்தோம், நாரைகளைப் பார்த்தோம். ஏரியை விலை பேச வந்தவர் மாதிரி மாமா எல்லாவற்றையும் விசாரித்தார். ஒரு பகல் போயிற்று.

"தீவு எங்கயும் ஓடிடாது. என் தங்கச்சி வூடு தெக்கால கீது" என்றாள் அத்தை.

மறுநாள் காலையில் படகேறினோம். எனக்கு மாமா ஒன்றும் வாங்கித்தரவில்லை. "படகுல வாந்தி வரும், ஒண்ணும் துன்னாத" என்றார். கஞ்சத்தனம் என்று நினைத்தேன்.

தங்கை எங்களைப் பார்த்ததும் ஈரக்கையோடு ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். அவள் புருஷன் இறால் குட்டையில் வாட்ச்மேன். பாய் போட்டார். சோறும் நண்டுக் குழம்பும் வந்தன. ஒரே ஒரு தட்டுதான் வைத்தார்கள். அது எனக்கு. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அந்த வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காதே என்று கிளம்பும்போது அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"துன்னு கண்ணு" என்றார் மாமா.

"அம்மா வேணாம்னு சொல்லிச்சி."

"உங்கம்மா எனக்குத் தங்கச்சி. நான் சொல்றேன், துன்னு."

"நீதான மாமா இந்த வூட்ல துன்னக்கூடாதுன்னு சொன்ன. நீ துன்னு, அப்புறம் நான் துன்றேன்."

அத்தையின் தங்கை கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவள் புருஷன் கூரையைப் பார்த்தார்.

"அதும் உங்க வம்சந்தான, எறங்கி வருமா?" என்றாள் அத்தை.

மாமா வெளியே ஏரியைப் பார்த்தார். பிறகு தங்கையிடம், "இன்னொரு தட்டு கொண்டாம்மா. நண்டு ரொம்பக் காரமா?" என்றார்.

"உங்க கோவத்தவிட கம்மிதான் மாமா."

அவர் சோற்றில் கை வைத்தார். நானும் வைத்தேன்.

பெரியவர்களின் வீம்பு பிள்ளைகளைக் கட்டாது. பிள்ளை கை நனைத்துவிட்டால் வீடே நனைத்த மாதிரி, யாரும் இறங்கி வரவேண்டியதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. அதற்காகத்தான் மாமா என்னைக் கூட்டிப்போனார், காலையில் பட்டினி போட்டார். அம்மாவின் புத்திமதி மட்டும் அவருக்குத் தெரியாது. இதெல்லாம் எனக்குக் கல்யாணம் ஆனபிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது பசி ஒன்றுதான். அத்தை ஏன் தனித்தட்டு வேண்டாம் என்று தங்கையின் தட்டிலேயே சாப்பிட்டாள் என்றுகூடக் கேட்கவில்லை. நண்டு ஓடுகளைக் குவித்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்து பேர். பதினேழு நண்டு.