சிக் என்று எழுதாத சீட்டு

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பம்பாயில் ஒரு போலீஸ் கோர்ட்டின் லாக்கப்பில் நான் கம்பவுண்டராக இருந்தேன். மாதுங்காவில் என் உறவுக்காரர்கள் எல்லோரும் மின்விசிறிக்கு அடியில் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் இந்த வேலை வாய்த்தது. "கோர்ட்டில் உத்தியோகம்" என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள். கோர்ட்டுக்குக் கீழே என்பதை விட்டுவிடுவாள்.

தீர்ப்பு ஆகாதவர்களை ஜெயில் வண்டி காலையில் கொண்டுவந்து இறக்கும். அவர்கள் தங்கள் பெயர் கூப்பிடும்வரை அந்தக் கீழறையில் காத்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்த கம்பவுண்டர் யாருக்கோ கடிதம் கொண்டுபோய்க் கொடுத்து மாட்டிக்கொண்டானாம். அன்று முதல் ஒரு வழக்கம். கைதிகள் உள்ளே வந்ததும் கம்பவுண்டரையும் சேர்த்து வைத்துப் பூட்டிவிடுவார்கள். கடைசிக் கைதி மாலை வண்டியில் ஏறிய பிறகுதான் எனக்குக் கதவு திறக்கும். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக் கம்பிக்கு நடுவே கைநீட்டி வாங்கிக்கொள்வேன். ஒரு தப்பும் செய்யாமல் அத்தனை வருஷம் உள்ளே இருந்தவன் அந்தக் கோர்ட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று அப்போது வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பிறகு சொல்லவில்லை.

யாருக்கு உடம்பு சரியில்லை என்று பார்த்து நான் சீட்டு எழுதவேண்டும். பதினோரு மணிக்கு டாக்டர் வந்து அரைமணி நேரம் இருப்பார். நான் எழுதியதை ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போடுவார். சீட்டில் 'சிக்', அதாவது உடம்பு சரியில்லை, என்று இருந்தால் அந்த ஆளை மேலே கொண்டுபோக மாட்டார்கள். மாஜிஸ்டிரேட் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் வாய்தா போட்டுவிடுவார். ஜாமீன் கொடுக்க ஆளில்லாதவன் இன்னும் இரண்டு மூன்று வாரம் ஜெயிலில் கிடக்க வேண்டியதுதான். அதனால் ஊரில் உள்ள நோயாளிகள் எல்லாம் இல்லாத வலியைச் சொல்லும்போது என் நோயாளிகள் இருக்கிற வலியை மறைத்தார்கள். காய்ச்சல் கொதிக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் ஒவ்வொருவன் நெற்றியையும் பலவந்தமாகத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. வைத்தியம் செய்கிறேனா, திருடனைப் பிடிக்கிறேனா என்று எனக்கே எரிச்சலாக வரும்.

தாராவியில் தோல் கிடங்கில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் அப்படித்தான் வந்தார். ரேஷன் காலம், வெளியூர் அரிசியைக் கொண்டுவரத் தடை. கல்யாண் ஊரிலிருந்து துணி மூட்டைக்குள் அரிசி வைத்துக்கொண்டு ரயிலில் வந்து பிடிபட்டவர். அந்தக் குற்றத்துக்கு, இதுவரை உள்ளே இருந்த நாட்களே போதும் என்று மாஜிஸ்டிரேட் அனுப்பிவிடுவது வழக்கம். ஆனால் மாஜிஸ்டிரேட் முன்னால் போய் நிற்க வேண்டுமே. முதல் தடவை அவர் பைலைக் காணோம். இரண்டாம் தடவை குளிர்காய்ச்சல். நான்தான் 'சிக்' என்று எழுதினேன். மூன்று வாரம் போயிற்று.

மூன்றாம் தடவை அவர் சுவரோரம் வலதுகாலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கிட்டே போனதும் காலை நீட்டப் பார்த்தார். முடியவில்லை.

"எங்கே வலிக்கறது?" என்றேன்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. நேத்து ஜெயில்ல தின்ன ரொட்டி சேரல."

வயிற்றில் கையை வைத்தேன். வலது பக்கம் கீழே தொட்டதும் அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் காய்ச்சலும் இருந்தது. குடல்வால் வீக்கமாக இருக்கும் என்று எனக்கு அந்த நிமிஷமே பட்டது.

"இன்னிக்கு மேலே போக வேண்டாம். ஜெயில் ஆஸ்பத்திரிக்கு எழுதறேன். இது லேசான சமாசாரம் இல்லை."

"போன வாட்டியும் நீங்கதான எழுதுனிய," என்றார். குரலை உயர்த்தவில்லை. "எம் பொண்டாட்டி வெளிய நிக்கா. பாஷை தெரியாத ஊர்ல ஒத்தையில கெடக்கா. இன்னைக்கு ஒரு நாளைக்கு என்னைய நிக்க வச்சுருங்க சாமி. வெளிய போயி நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

காரணம் தெரியாத வயிற்றுவலிக்கு அபின் கொடுக்கக்கூடாது என்பது கம்பவுண்டர் படிப்பில் ஆரம்பப் பாடம். வலி மறைந்துவிடும், நோய் உள்ளே வளரும். எனக்குத் தெரியும். இருந்தும் பேதிக்காக அலமாரியில் வைத்திருந்த அபின் டிஞ்சரை எடுத்துத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். போன தடவை எழுதியதற்கு ஈடு செய்கிறேன் என்று நினைத்தேன். அதோடு, எல்லோரும் என்னைக் கண்டு ஒளிகிற இடத்தில் ஒருத்தராவது என்னை நல்லவன் என்று நினைக்கட்டும் என்ற ஆசையும் இருந்தது. அதை மறைப்பதில் இப்போது லாபம் இல்லை.

டாக்டர் வந்தபோது திருநெல்வேலிக்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் என் சீட்டில் இல்லாததால் டாக்டர் அவரைப் பார்க்கவே இல்லை. மூன்று மணிக்கு அவரை மேலே கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். விடுதலை. கீழே வந்து கைரேகை வைத்துவிட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கும்பிட்டார். நான் அதோடு விட்டிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை தாங்கட்டும் என்று மிச்ச மருந்தையும் ஒரு சின்ன சீசாவில் ஊற்றிக் கம்பி வழியாகக் கொடுத்தேன். "இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்" என்றேன். "செரி சாமி" என்றார். வீட்டுக்குப் போய் அன்று நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் ஒரு பெண் லாக்கப் கம்பிக்கு வெளியே வந்து நின்றாள். கையில் அந்த சீசா, காலியாக.

"இந்த மருந்து இன்னுங் கொஞ்சம் வேணும் சாமி. இதக் குடிச்சா தூங்குதாக. தீந்ததுலருந்து வயிறு பலகயா இருக்கு."

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"வரமாட்டேங்காக. ஆஸ்பத்திரிக்குப் போனா சிக்குன்னு எழுதிருவாகளாம். திரும்ப வாய்தா போட்டு உள்ள கொண்டு போயிருவாகளாம். எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன்."

'சிக்' என்று எழுதினால் வாய்தா என்பது எங்கள் கோர்ட்டு வழக்கம். வெளியில் உள்ள ஆஸ்பத்திரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

"நான் சொன்னேன்னு சொல்லுங்கோ. விடுதலை ஆனவரை யாரும் பிடிக்க மாட்டா. உடனே கொண்டுபோங்கோ" என்று அவளை அனுப்பினேன். அவள் பேச்சை அவர் கேட்கமாட்டார் என்று அப்போதே எனக்குத் தெரியும். லாக்கப் சாவி வைத்திருந்த போலீஸ் ஜமாதாரைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னேன்.

"கியா ஹுவா, என்ன ஆச்சு? வீட்ல யாராவது செத்தாங்களா?" என்று தனக்குத் தெரிந்த தமிழையும் கலந்து கேட்டான். வேலை இடத்தில் எங்கள் ஆட்களோடு பழகி வந்த தமிழ்.

இல்லை என்றேன். பிறகு என்ன அவசரம் என்றான். அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. கொடுக்கக்கூடாத மருந்தை ஒரு கைதிக்குக் கொடுத்தேன், டாக்டருக்குத் தெரியாமல் கொடுத்தேன், அவன் சாகக் கிடக்கிறான் என்று சொல்லியிருந்தால் மேலே ஓடிப்போய் உத்தரவு வாங்கித் திறந்திருப்பான். என் வேலையும் அன்றோடு போயிருக்கும். நான் எனக்கு வயிற்றுவலி என்றேன். மருந்துதான் உள்ளேயே இருக்கிறதே என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

சாயங்காலம்வரை அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி அன்றைக்கென்று தாமதமாக வந்தது. பூட்டு ஜமாதாருடையது என்று அன்று முழுக்க மனசுக்குள் அவனைத் திட்டினேன்.

தாராவிக்கு ஓடிப்போய்த் தோல் கிடங்கில் விசாரித்து அவர் குடிசையைக் கண்டுபிடித்தேன். அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "கூட்டிட்டுப் போக வந்துட்டியளா சாமி" என்றார். கோர்ட்டுக்கு என்று நினைத்துத்தான் கேட்டார். அக்கம்பக்கத்தார் கைவண்டியில் படுக்கவைத்துத் தள்ள, நானும் அவளும் கூட ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் ஹிந்தியில் கேட்கக் கேட்க, நான் அவளிடம் தமிழில் கேட்டு அவருக்குச் சொன்னேன். வலி எப்போது ஆரம்பித்தது, வாந்தி உண்டா எல்லாம் கேட்டார். பிறகு, "வலிக்கு ஏதாவது மருந்து கொடுத்தார்களா?" என்றார்.

அவளிடம் கேட்டேன்.

"இந்தச் சாமி தந்த மருந்துதான். வேற ஒண்ணுங் குடுக்கல" என்றாள் அவள், என்னைக் கைகாட்டி.

டாக்டர் என்னைப் பார்த்தார். "உங்களைக் காட்டுகிறாளே, என்ன சொல்கிறாள்?"

"தன்னை இங்கே கூட்டிவந்தவன் நான்தான் என்கிறாள். மருந்து எதுவும் கொடுக்கவில்லையாம்" என்றேன். நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து அவளும் டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

குடல்வால் உள்ளேயே வெடித்திருந்தது. வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். மறுநாள் மத்தியானம் அவர் போய்விட்டார்.

அவள் அழவில்லை. டாக்டர் வெளியே வந்தபோது என் சட்டைக்கையைப் பிடித்தாள். "நாந்தான் தாமசமாக் கொண்டாந்துட்டேனா? கேட்டுச் சொல்லுங்க சாமி."

கேட்டேன். "ஆமாம், இரண்டு நாள் தாமதம். அன்றே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார். அவளிடம் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அங்கேயே நின்றார்.

"உங்க மேலே ஒரு தப்பும் இல்லைம்மா" என்றேன்.

டாக்டர் அதைச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் நானாகச் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.