கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், காலையில் உள்ளே நுழையும்போதே போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சாயங்காலம் வெளியே போகும்போது இரண்டும் கிழியாமல் இருக்க வேண்டும். அப்படி என்ன ராணுவ ரகசியமோ! கார் உதிரிபாகங்கள் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கின்றன என்று சோதிக்கும் லேபில் எனக்கு வேலை. எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள். துரு ஏன் அந்த இடத்தில் தொடங்கியது என்று கேட்டால் சிரிப்பார்கள். பாஸா ஃபெயிலா, அது போதும் அவர்களுக்கு.

அந்த ‘ஏன்’ வேண்டும் என்று சொன்ன ஒரே ஆள் ஜெர்மனியில் ஒரு பேராசிரியர். யார் யாருக்கோ மெயில் போட்டு ஓய்ந்திருந்தபோது அவரிடமிருந்து பதில் வந்தது. முனைவர் பட்ட ஆராய்ச்சி, மாதச் சம்பளத்தோடு. முதலில் வீடியோவில் நேர்காணல். அம்மா நம்பவே இல்லை.

"படிக்கறதுக்கு எவன்டி சம்பளம் குடுப்பான்? ஓடிபி கேட்டா சொல்லிடாத."

மார்னிங் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ் பிடித்து, குன்றத்தூரில் வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்து எனக்கு ரிலீவர் வரவில்லை. மாற்றிவிட ஆள் வராமல் லேபை விட்டு நகர முடியாது. அடுத்த ஷிப்டையும் ஓவர்டைமாகப் பார்த்துவிட்டுப் போ என்றார் சூப்பர்வைசர். என் பஸ் கேட்டைத் தாண்டிப் போவதை ஜன்னலில் பார்த்தபோது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நேர்காணல் நேரம் ஆனதும் தலைவலி என்று சொல்லி முதலுதவி அறைக்குப் போய் உட்கார்ந்தேன். 

போன் திரையில் அந்தப் பக்கம் மூன்று முகங்கள். என் கட்டம் மட்டும் இருட்டு. காரணத்தைச் சொன்னேன். பரவாயில்லை, வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். வேறொரு நாள் மட்டும் ரிலீவர் வந்து கிழித்துவிடுவானா? நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன். தலையில் லேப் தொப்பியோடு துருவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பயம் போனதே தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் பேசியதே இல்லை.

கேட்டில் மாட்டிக்கொண்டேன். உள்ளே இருந்து யாருக்கு வீடியோ காட்டினாய் என்று சூப்பர்வைசர் முன்னால் நிறுத்திக் கேட்டார்கள். திருடி என்ற பேர் வாங்க வேண்டும், இல்லை வேலையை விட்டுப் போகப் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். உண்மையைச் சொன்னேன். இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். அன்றிலிருந்து செக்யூரிட்டி அக்கா என் போனில் மட்டும் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்.

போன வாரம் ஜெர்மனியிலிருந்து மெயில் வந்தது. எடுத்துக்கொள்கிறார்களாம். இப்போதைய மேலதிகாரியின் பரிந்துரைக் கடிதம் மட்டும் பாக்கி, இந்த வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். சூப்பர்வைசரிடம் போனேன். கெட்டவர் இல்லை. போனை வாங்கி மெயிலை முழுசாகப் படித்தார்.

"நீ நல்ல வேலைக்காரிம்மா, அத நான் எழுதித் தர்றதுல இன்னா கீது," என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "மொதல்ல உனக்கு ஒரு ரிலீவரக் கூட்டிகினு வா."