சத்து மாத்திரை என்று சொன்னேன்

எண்பதுகளில் நாங்கள் உறுவையாறு கிராமத்தில் இருந்தோம். என் மகளுக்கு அப்போது பதினான்கு வயது, நல்ல பருமன். நாலு பேர் சிரிப்பார்கள் என்று கல்யாணங்களுக்கு அவளை அழைத்துப் போகவே மாட்டேன். அப்படிப்பட்ட தாய் நான்.

பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த நாத்தனார், "பசியே எடுக்காது அண்ணி, உடம்பு தானா இளைக்கும்" என்று எனக்கு ஒரு பெட்டி மாத்திரை கொடுத்தாள். நான் அதை மகளுக்குக் கொடுத்தேன். சத்து மாத்திரை என்று சொன்னேன்.

அவள் இளைத்தாள். தூக்கம் போனது, கை நடுங்கியது. பாவாடை தொளதொளவென்று ஆனதில் எனக்குச் சந்தோஷம்தான். மூன்றாவது வாரம் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள்.

பயந்துபோய் மகளையும் கூட்டிக்கொண்டு பெட்டியோடு பக்கத்து ஊரான வில்லியனூருக்கு ஓடினேன். அங்கிருந்த வயதான டாக்டருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியும். படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"பெரியவங்களே டாக்டர கேட்டுதான் இத சாப்பிடணும். வளர்ற புள்ளைக்கு இதயம் இன்னா ஆகும்? யார் குடுத்தது?"



"நானே எடுத்துப் போட்டுக்கினேன் சார்" என்றாள் மகள்.

அவர் அவளைத் திட்டித் தீர்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "சொன்னா கேக்கமாட்டா சார்" என்றுகூடச் சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, பசிக்குது. சாப்பிடட்டுமா?"

பசித்தால் கூசிக்கொண்டு கேட்க வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.