எதிர்க்கடைக்கு விழுந்த ஓட்டு

எதிர்க்கடை வாசலில் ஒரு வண்டி கூடுதலாக நின்றால் ஸ்பேனர் அண்ணனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி வங்கிக்காரர்கள் மட்டும்தான் கூப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, யாரோ ஒருவர் பட்டறையில் மண்ணெண்ணெய் ஊற்றி உதிரிச் சாமான் கழுவிக் கிடந்தவர். இன்றைக்கு ஓடுகிற எஞ்சின் மேல் திருப்புளியை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தாரென்றால் கோளாறு இன்ன இடத்தில் என்று சொல்லிவிடுவார். எவன் சிபாரிசும் கிடையாது, எவன் காலிலும் விழுந்தது கிடையாது. அந்தத் தெருவில் அவர் கைபடாத இருசக்கர வண்டி ஒன்று இருந்தால், அது இன்னும் ஷோரூமை விட்டு வெளியே வராத வண்டியாகத்தான் இருக்கும்.

எதிரே கடை போட்டவனுக்குத் தெரு வைத்த பெயர் பளபளா. பிரேக் பிடிக்கவில்லை என்று கொண்டுபோனாலும் சரி, ஸ்டார்ட் ஆகவில்லை என்று தள்ளிக்கொண்டு போனாலும் சரி, வண்டியைக் கழுவி, மெழுகு தேய்த்து, முகம் பார்த்துத் தலை வாருகிற மாதிரி ஆக்கித்தான் தருவான். கோளாறு அந்த வாரமே திரும்பி வரும். அப்படியும் அந்த மினுக்கில் மயங்கிப் பாதித் தெரு அவன் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவன் காற்றடிக்கும் மெஷின் வாங்கினான். ஸ்பேனர் அதைவிடப் பெரிசாக வாங்கினார். அவன் வாசலில் நாற்காலி போட்டான். இவர் நாற்காலியோடு மின்விசிறியும் மாட்டினார்.

பளபளா வார்டு மெம்பருக்கு நிற்கிறான் என்ற சேதி வந்தபோது ஸ்பேனர் ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் படுத்திருந்தார். எழுந்த வேகத்தில் நெற்றி இடித்தது. மறுநாளே தானும் மனுக் கொடுத்துவிட்டு வந்தார்.

“உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு?” என்றாள் மனைவி.

“அவனுக்கு எதுக்கு?”

“அவருக்குத்தான் கைவேலை வராதே, நிக்கறாரு.”

“இதுவும் வியாபாரம்தான். எவன் சரக்கு நல்லாருக்கோ அவன் கல்லாவுல காசு விழுற மாதிரி ஓட்டு விழும். பாத்துக்கிட்டே இரு.”

“கடைக்கு வர்றவனுக்கு இங்க பிடிக்கலைன்னா நாளைக்கே எதிர்ல போயிடுவான். ஓட்டுப் போட்டவன் எங்க போவான்? அஞ்சு வருஷம் அதே வண்டியத் தள்ளிக்கிட்டுத் திரியணும்.”

“மொதல்ல விக்கிறதைப் பேசு. திரும்பி வர்றதைப் பத்தி அப்புறம் பேசலாம்,” என்றார் அவர்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் ஓட்டுக் கேட்டார். “உங்களுக்குப் போடாம வேற யாருக்குண்ணே?” என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். எதிரே பளபளா நாலு பேரிடம் சிரித்துக் கைகுலுக்குவதைப் பார்த்தால் மட்டும் வயிறு எரியும். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பல்லைக் காட்டுகிறான், கார்புரேட்டரைக் கழற்றினால் திரும்ப மாட்டத் தெரியாத பயல்.

பளபளா ஜெயித்தான். அதுவும் நூலிழையில் இல்லை, வாரிக்கொண்டு போனான்.

கடையென்றால் பத்து வண்டி அங்கே போனாலும் நாலு வண்டி இங்கே வரும், இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும். இந்த வியாபாரத்தில் இரண்டாவதாக வந்தவனுக்கு உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது என்பது ஸ்பேனருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் டீச்சரம்மா ஸ்கூட்டரைக் கொண்டுவந்தார். அது புதிதாக வந்த நாளிலிருந்து ஸ்பேனரைத் தவிர வேறு ஆள் தொட்டதில்லை. அவர் நிமிராமலே கேட்டார்.

“நீங்களாவது எனக்குப் போட்டீங்களா டீச்சரம்மா?”

டீச்சரம்மா கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். “கோவிச்சுக்காதீங்கண்ணே. போடல.”

“என் வேலையில என்ன குறை?”

“குறையிருந்தா போட்டிருப்பேனே. நீங்க மெம்பராகி மீட்டிங் மீட்டிங்னு போயிட்டா என் வண்டிய யார் பாக்கறது? அந்தாள் கடையப் பூட்டினா யாருக்கு என்ன நஷ்டம்? எங்க தெருவுல முக்கால்வாசிப் பேர் இதையேதான் பேசிக்கிட்டோம்.”

ஸ்பேனர் வண்டியை முடித்துக் கொடுத்தார். வீட்டுக்குப் போனதும் மனைவியைப் பிடித்தார்.

“நீ யாருக்குப் போட்டே?”

“ஓட்டு ரகசியம்னு அவ்வளவு பெரிசா எழுதி ஒட்டியிருந்தாங்களே,” என்றபடி அவள் தட்டைக் கழுவப் போனாள்.

டீச்சரம்மா சொன்னபடியே பளபளாவின் ஷட்டர் இறங்கியது. அங்கே போன வண்டிகளெல்லாம் இங்கே வந்து குவிந்தன. தெரு முழுக்க இனி அவர் ஒருவர்தான். இந்த நாளுக்காக எத்தனை வருஷம் பல்லைக் கடித்திருக்கிறார்! இருந்தும் வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்க்காமல், எதிரே இறங்கிக் கிடக்கிற ஷட்டரையே பார்த்துப் பொருமினார். பூட்டின கடையைப் பார்த்து வயிறெரிந்த வியாபாரி உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

ஒருநாள் பளபளாவே சலவைச் சட்டையும் தானுமாகத் தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“பாதி வழியில நின்னுபோச்சுண்ணே. ஸ்டார்ட் ஆனாலும் உள்ள ஏதோ தட்டுது. திறப்பு விழாவுக்குப் போகணும்.”

“உங்க கடையிலயே பாத்திருக்கலாமே, மெம்பர் சார்.”

“என் கைய நம்பி என் வண்டியக் கொடுப்பேனா?” என்று சிரித்தான் அவன். காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். “மெம்பர் வண்டிய மொதல்ல பாருங்கண்ணே,” என்று வரிசையில் நின்ற ஒருவரே சொன்னார்.

ஸ்பேனர் எஞ்சினைத் திறந்தார். தட்டல் ஒரு தளர்ந்த நட்டிலிருந்து என்று தெரிந்துபோயிற்று. கூடவே ஒரு யோசனையும் வந்தது. அந்த நட்டைக் கால் சுற்று தளர்வாக விட்டால் போதும். வண்டி ஓடும், ஆனால் திறப்பு விழாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் தகர டப்பா மாதிரிக் கத்தும். கூட்டத்துக்கு நடுவில் அவன் மானம் போகும். தவிர, கைவேலை கெட்டுப்போச்சு என்று ஊர் பேசினால் நல்லதுதானே? அடுத்த தேர்தலில் இவரையும் தைரியமாக அனுப்பி வைப்பார்கள்.

நட்டைத் தளர்வாகவே விட்டு மூடியை எடுத்தார். எடுத்தவர் மாட்டவில்லை. ‘எந்தக் கடையிலய்யா பாத்தே?’ என்று அங்கே ஒருவன் கேட்பான். இவன் கூசாமல் ‘ஸ்பேனர் அண்ணன் கடையில’ என்று கையை நீட்டிச் சொல்லுவான்.

“இருங்க,” என்று மூடியைக் கீழே வைத்தார். நட்டைத் திருகினார், காதை வைத்துக் கேட்டார், மறுபடி திருகினார்.

பைக் ஒரே உதையில் கிளம்பியது. பூனை நடக்கிற மாதிரி ஒரு பிசிறில்லாத ஓட்டம். பளபளா ஒரு கையை மட்டும் பிடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் இரண்டு பக்கமும் வணக்கம் வாங்கிக்கொண்டே போனான்.

“ஒரு கையை விட்டு ஓட்டறான் பாரு,” என்றார் ஸ்பேனர், யாரிடமோ. “என் வேலை மேல அவனுக்கு அவ்வளவு தைரியம்.”