டொக்டருக்கு முன் அழ மறுத்த பிள்ளை

தாய் வேலைக்குப் பயிற்சிக் காலம் கிடையாது. முதல் நாளே முழுப் பொறுப்பும் தலையில். இதே வேலையில் மாட்டிக்கொண்ட சகோதரிகளே, பிள்ளை நித்திரையாக இருக்கும்போதே என் பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

வீக்கம்

குளிக்க வார்க்கும்போது என் நாலு மாத மகன் வீரிட்டு அழுதான். அடிவயிறும் தொடையும் சேருகிற இடத்தில், வலப்பக்கம், நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம். அழுகை நின்றதும் அதையும் காணவில்லை.

துறைமுகத்தில் வேலையில் நின்ற கணவருக்குப் போன் எடுத்தேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவளுக்கு அந்த இடத்தின் பெயர் வாயில் வருமா? "பிள்ளைக்கு... கீழ... ஒரு மாதிரி..." என்று இழுத்தேன். அவர் சொன்னார்: "அங்க போயும் இப்பிடிக் கதைச்சீர் எண்டால், வருத்தம் உமக்கெண்டு நினைச்சு டொக்டர் உம்மையெல்லோ சோதிக்கிற கட்டில்ல ஏறச் சொல்லுவார்!"

நல்ல பிள்ளை

பெரியவர்கள் முன் துப்புரவாக, அமைதியாக நிற்க வேண்டும் என்பது எங்கள் பள்ளிக்கூடப் பழக்கம். வயிறு முட்டப் பால் கொடுத்து, பவுடர் பூசி, புதுச்சட்டை போட்டு மகனைக் கொண்டுபோனேன். டொக்டர் தடவிப் பார்த்தார். வீக்கம் இல்லை. மகன் அவரைப் பார்த்துச் சிரித்தான்.

"அழுது முக்கினால்தான் அது வெளிய வரும். நீங்கள் இவரைக் கலியாண வீட்டுக்கு வெளிக்கிடுத்தின மாதிரிக் கொண்டு வந்திருக்கிறீங்கள். எனக்கு அழுற பிள்ளை வேணும், அம்மா!"

அழவைக்கும் படலம்

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். தாதி உள்ளங்காலைச் சுண்டினார்; சிரித்தான். கிண்ணியாவிலிருந்து தன் பிள்ளையோடு வந்து பக்கத்தில் இருந்த ஒரு தாய் குடையைப் படாரென்று விரித்தாள், இன்னும் சிரித்தான். வீட்டில் ஓயாமல் கத்துகிறவன்!

என் பயம் தெளியட்டும் என்று பள்ளிக்கூடத்துப் பாட்டொன்றை மெல்லப் பாடினேன். முகம் கோணியது. ஒரே அலறல். கிண்ணியாத் தாய் துள்ளி எழும்பினாள்: "தங்கச்சி, நிப்பாட்டிராதீங்க! பாடிப் பாடியே உள்ள ஓடுங்க!"

உள்ளே போகுமா?

வீக்கம் அப்படியே தெரிந்தது. டொக்டர் கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, விரல்களால் மெதுவாக அமத்தினார். கொளக்கென்று ஒரு சின்னச் சத்தம்; உள்ளே போய்விட்டது.

"குடல் இறக்கம்தான். லேசா உள்ள போகுது, அது நல்லது. நாள் கடத்தாமல் கெதியா ஒரு சின்ன ஒப்பரேஷன் செய்வம். வீக்கம் கல்லு மாதிரி இறுகி உள்ள போகாட்டில், வாந்தியும் எடுத்தால், உடன கொண்டு ஓடி வாங்கோ" என்றார். 'நல்லது' என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்குக் கண்ணீர் கொட்டத் தொடங்கிவிட்டது. மகன் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தான். டொக்டர் தாதியைக் கூப்பிட்டார்: "மிஸ், பிள்ளையைப் பாத்து முடிஞ்சுது, இனி இந்தத் தாய்க்கு ஒரு கதிரை போடுங்கோ."

ஒப்பரேஷன் நாள் வரைக்கும் பயந்துகொண்டுதான் இருக்கப்போகிறேன். என்றாலும் இனி எதற்குப் பயப்பட வேண்டும் என்று சரியாகத் தெரிந்துகொண்டு பயப்படுவேன்.